நனைந்த திரையின் பின்பக்கம்

மலேசிய ரப்பர் தோட்டத்தில் படம் பார்த்து வளர்ந்தவர்களே, நீங்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்டால் இளையவர்கள் விழிக்கிறார்கள். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டு மூங்கில்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணிக்கு முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. நான் முன்பக்கத்துப் பிள்ளை. என் தகப்பனார் தோட்ட அலுவலகத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், எங்களுக்கு நாற்காலி. என் மனைவி பின்பக்கத்துப் பிள்ளை. அவளுடைய தாய் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், அவர்களுக்குத் தரை. சென்ற மாதம் என் மனைவி இறந்துவிட்டாள். அவளைப் பற்றிச் சொல்ல வேறு வழிகளும் உண்டு. நான் இந்த வழியைத் தேர்ந்துகொள்கிறேன்.

ஓய்வு பெறும்வரை தஞ்சோங் மாலிமில் ஒளியியல் கற்பித்தவன் நான். சினிமாவின் வரலாற்றைச் சொல்லும் தடித்த புத்தகங்கள் என் அலமாரியில் இருக்கின்றன. லென்ஸைத் தேய்த்தவர், சுருளைக் கண்டவர், ஒலியைப் படத்தோடு ஒட்டவைத்தவர், வண்ணம் சேர்த்தவர், திரையை அகலமாக்கியவர் என எல்லாருக்கும் அவற்றில் இடம் இருக்கிறது. துணிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து அந்தக் கலையைப் பார்த்தவர்களுக்கு நான் படித்த அளவில் ஒரு பத்தியும் கிடைக்கவில்லை. அந்தப் பத்தியை இப்போது நானே எழுதிக்கொள்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் படம் காட்டிய இடம் பிரட்டுக்களம். விடியற்காலையில் பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்புகிற அதே களம். அலுவலகத்து விறாந்தையை ஒட்டி நாற்காலிகள் போடுவார்கள், அவற்றுக்குப் பின்னால் புரொஜெக்டர், எதிரே திரை. திரைக்கு அப்பால் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குப் போகிற சரிவு. லயத்து மக்கள் அந்தச் சரிவில் சாக்கு விரித்து உட்கார்வார்கள். அப்படித்தான் உட்கார வேண்டும் என்று யாரும் உத்தரவு போட்டதில்லை. போட்டிருந்தால் எதிர்த்துப் பேச ஓர் ஆள் கிடைத்திருப்பார்.

ஈப்போவிலிருந்து படம் காட்டும் வேன் வரும். மழைக்காலத்தில் அடிக்கடி வரும், ஏனென்றால் மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை, ஆட்கள் சும்மா இருப்பார்கள். சனிக்கிழமை பொழுது சாயும்போதே ஜெனரேட்டரின் பெட்ரோல் வாடை களத்தில் பரவிவிடும். கச்சான் பூத்தே என்கிற வறுகடலை விற்பவர் தன் சைக்கிளைத் திரையின் விளிம்பில், இரு பக்கத்துக்கும் பொதுவாக நிறுத்துவார். இரண்டு பக்கமும் போய்வர உரிமையுள்ளவர் அவர் ஒருவர்தான் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

பின்பக்கத்தார் ஒரு வேலை செய்வார்கள். முதல் ரீல் தொடங்குவதற்கு முன்பும் ஒவ்வொரு ரீல் மாற்றும்போதும் பால் சுமக்கிற வாளியில் தண்ணீர் கொண்டுவந்து திரையின் மேல் வீசி நனைப்பார்கள். உலர்ந்த துணி ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். நனைந்த துணியில் நூலுக்கும் நூலுக்கும் நடுவே நீர் நிறைந்து, ஒளி மறுபக்கம் கடந்து போகும். இதை நான் பின்னாளில் பல்கலைக்கழகத்தில் படித்தேன். பின்பு பல ஆண்டுகள் பாடமாகவும் சொன்னேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், தண்ணீர் விழுந்தவுடன் எங்கள் பக்கத்தில் கதாநாயகியின் முகம் மங்கும், தகப்பனார் நாற்காலியில் நெளிவார் என்பதுதான்.

"இதுகளுக்கு ஏன் இந்த வேலை?" என்பார். "முன்னுக்கு இருக்கிறவைக்குப் படம் தெரிய வேண்டாமே?"

துணிக்கு அப்பாலிருந்து ஒரு பெண் குரல் உடனே வரும். "எங்களுக்கும் தெரியணும்ல, ஐயா?" சரிவு முழுவதும் சிரிக்கும். அந்தக் குரல்தான் பிறகு என் மாமியாருடையது ஆயிற்று.

பிறகு என் மனைவியான அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே வகுப்பு. அவள் இடக்கைக்காரி. பள்ளிக்கூடத்தை மேற்பார்க்கும் பொறுப்பு என் தகப்பனாரிடம் இருந்தது. இடது கையால் எழுதுகிற பிள்ளையை இப்போதே திருத்தாவிட்டால் நாளைக்குச் சபையில் சோறு பரிமாறவும் உதவாது என்று அவர் சொன்னார். வாத்தியார் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டார். பழைய வேட்டியிலிருந்து கிழித்த ஒரு நாடாவால், காலையில் அவளுடைய இடது கையை முதுகுப்புறம் வளைத்து இடுப்போடு கட்டுவார்; மணி அடித்த பிறகு அவிழ்த்துவிடுவார். கொடுமைக்காரர் அல்லர். முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று விரலை நுழைத்துப் பார்த்துத் தளர்த்தியும் விடுவார். அவள் வலது கையால் எழுதிய எழுத்துகள் சிலேட்டில் விழுந்து கிடக்கும்.

ஒரு நாள் அவள் கட்டுவதற்குக் கையைக் கொடுக்கவில்லை.

"இந்தக் கையால எழுதினா படிப்பு வருமா?" என்றார் வாத்தியார்.

"சினிமாவுல எல்லாரும் இந்தக் கையாலதான் எழுதுறாங்க, சார். ராஜாகூட."

லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும், "ஆமா சார், பாத்தோம்" என்றார்கள்.

நான் எழுந்தேன். "பொய். வலது கை. நான் நாற்காலியில இருந்து பாத்தனான்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப நீ பாத்தது வேற படம்."

வாத்தியாரும் முன்பக்கத்து நாற்காலிக்காரர்தான். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கட்டினார். மணி அடித்ததும் அவள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "சனிக்கிழம பின்னால வந்து பாரு. தைரியம் இருந்தா வா."

போனேன். விளக்கு அணைந்ததும் நாற்காலியிலிருந்து நழுவி, கச்சான் பூத்தே சைக்கிளைச் சுற்றிச் சரிவுக்குப் போய்விட்டேன். ஈரத் துணியின் கஞ்சி வாடை, சாக்கின் வாடை, எத்தனை கழுவினாலும் போகாத பால் வாடை. ஒரு கிழவர் என் முகத்தருகே குனிந்து பார்த்தார்.

"யாருடா இது? கிராணி மவனா? நாற்காலிய தூக்கிட்டு வரலயா?"

"விடுங்க தாத்தா, வழி தவறி வந்திருக்கு" என்றாள் ஒருத்தி.

"வழி தவறல. நான்தான் வரச் சொன்னேன்" என்று அவள் சாக்கில் இடம் விட்டாள். அவளுடைய தாய், மடியில் தூங்கிய கைக்குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, என் கையில் கொஞ்சம் கச்சானைக் கொட்டினார்.

திரையைப் பார்த்தேன். பெயர் எழுத்துகள் இடம்வலம் மாறி, முதுகைக் காட்டி ஓடின. நான் அறிந்த அதே நடிகருக்கு வகிடு இடம் மாறியிருந்தது. அவர் இடது கையால் வாளை உருவினார். விருந்தில் அத்தனை பேரும் இடது கையால் சாப்பிட்டார்கள். கல்யாணமாகி வந்த மருமகள் ஆரத்தி முடிந்து இடது காலை எடுத்து வைத்து வீட்டுக்குள் நுழைந்தாள். சரிவில் யாருக்கும் அது விபரீதமாகப் படவில்லை.

"மெட்ராசுல அப்படித்தான் வழக்கம்" என்று அவள் எனக்கு விளக்கினாள்.

"நான் அங்கேருந்து கப்பல்ல வந்தவன். அப்படியெல்லாம் ஒரு வழக்கமும் இல்ல" என்றார் அந்தக் கிழவர்.

"நீங்க வந்து எவ்வளவு காலம் ஆச்சு தாத்தா. மாத்தியிருப்பாங்க லா" என்றார் அவளுடைய தாய். கிழவர் யோசித்து, இருக்கலாம் என்று தலையாட்டினார்.

இதை மூடத்தனம் என்று நீங்கள் நினைக்கலாம். கண்ணால் கண்டதை வைத்து நியாயமான முடிவுக்கு வந்தவர்கள் அவர்கள். எனக்குக் காண்பிக்கப்பட்டதும் ஒரு பக்கம்தான்.

ரீல் மாற்றுவதற்காக விளக்கு எரிந்தபோது என் நாற்காலி காலியாக இருந்ததைத் தகப்பனார் கண்டுகொண்டார். திரையைச் சுற்றி வந்தார். அந்தப் பக்கத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. கால்சட்டை மடிப்புக் கலையாமல், சரிவில் கால் வழுக்காமல் நடந்து வந்தார். சிலர் எழுந்தார்கள்.

"இஞ்ச என்ன செய்யிறாய்? எழும்பு."

நான் எழுவதற்குள் படம் மீண்டும் ஓடத் தொடங்கிவிட்டது. புதிதாக நனைத்த துணியில் வெளிச்சம் பெருகி வந்தது. கோயிலில் கதாநாயகி நிற்கிறாள். இடது கையில் திரியைப் பிடித்து, ஒவ்வொரு விளக்காக ஏற்றிக்கொண்டு போகிறாள். தகப்பனாரும் பார்த்துவிட்டார்; பார்க்காமல் இருக்க அங்கே வேறு வெளிச்சம் இல்லை.

அவளுடைய தாய் எழுந்து நின்றார். "கிராணி ஐயா, பாத்துக்குங்க. சாமிக்கே அந்தக் கையாலதான் வெளக்கு ஏத்துறாங்க. எம்பொண்ணு கைய மட்டும் ஏன் கட்டச் சொன்னீங்க?"

"இது பின்பக்கம்" என்றார் தகப்பனார். குரலை உயர்த்தவில்லை. "இஞ்ச எல்லாம் மாறித்தான் தெரியும். உண்மை முன்பக்கத்தில இருக்கு."

"எங்கள பின்பக்கம் உக்கார வச்சது யாரு, ஐயா?"

தகப்பனார் என் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நான் மறந்திருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை திரைக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணி சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது.

படத்தின் தெளிவுக்காக என்று தகப்பனார் சொன்னார். ஒளியியல்படி அதில் பிழையே இல்லை. மறுபக்கம் கசிகிற ஒளியைக் கறுப்பு விழுங்கிவிடும். தண்ணீர் வீசினாலும் பயன் இராது. முன்பக்கத்தில் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் தெரியும். அப்படியே தெரிந்தது. அவ்வளவு துலக்கமான படத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் படித்தவர், சரியாகத்தான் செய்தார். ஒரு சரியான அறிவை எவ்வளவு சிறிய காரியத்துக்குச் செலவழித்துவிட்டார் என்பதை இந்த வயதில் நினைத்துப் பார்க்கிறேன்.

சரிவில் இருந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவர்கள் போகவில்லை. முன்பக்கம் வந்து நிற்கவும் இல்லை. எதிரே கறுப்புத் துணி. அதைப் பார்த்தபடி படம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். ஒலிபெருக்கி இரு பக்கத்துக்கும் பொதுவானது. வசனத்தைக் கேட்டே சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் சிரிப்பு எழுவதற்கு முன்பே அந்தப் பக்கத்தில் எழுந்தது. நாற்காலிகளில் இருந்தவர்களுக்கு அன்று சிரிக்கவே கூச்சமாகிவிட்டது. தோட்ட நிர்வாகியான துரைக்கு அடுத்த அதிகாரமுள்ள என் தகப்பனார், அத்தனை தெளிவான படத்தின் முன் தலை குனிந்து, தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரை அலுவலகக் கிடங்கில் இருந்தது. வாரக் கடைசியில் எடுத்துப் பார்த்தபோது வெள்ளைத் துணி மட்டும் இருந்தது. தையல் பிரித்த இடத்தில் ஒரு நூல்கூடத் தொங்கவில்லை. வெட்டு இல்லாத நாட்களில் கிடங்கைப் பெருக்குகிற பெண்களைத் தகப்பனார் கூப்பிட்டு விசாரித்தார். அவளுடைய தாயும் அவர்களில் ஒருவர்.

"காத்துல போயிருக்கும் ஐயா."

"பூட்டின அறைக்குள்ள காத்தா?"

"பெருங்காத்துங்க."

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். தகப்பனார் மேற்பார்வைக்கு வந்திருந்தார். லயத்துப் பெண்பிள்ளைகள் அத்தனை பேரின் சடையிலும் புதிய கறுப்பு ரிப்பன். ஒரே துணி, ஒரே அகலம், ஒரே விதமாக ஓரம் மடித்த தையல். அவள் மட்டும் சடையில் கட்டவில்லை. தன் இடது மணிக்கட்டில் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டிருந்தாள். வாத்தியார் கையில் வேட்டி நாடாவோடு வந்து அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தகப்பனாரைப் பார்த்தார். தகப்பனார் வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். யாரைக் கேட்பது? கேட்டால் அத்தனை சடைகளையும் அவிழ்க்க வேண்டும்.

"மழை வரப்போகுது. பிள்ளையளை உள்ளுக்கு விடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். வாத்தியார் நாடாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அது மீண்டும் வெளியே வரவில்லை.

பிறகு நான் ஈப்போவில் ஆங்கிலப் பள்ளிக்குப் போனேன். அவள் தாதியாகி, தாப்பா ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். இடது கையில் ஊசியை எடுத்தால் நோயாளிகள் திடுக்கிடுவார்கள். "பயப்படாதீங்க அங்கிள், இது கைராசியான கை" என்பாள். ஊசி அதற்குள் போயிருக்கும். எங்கள் திருமணத்துக்குத் தகப்பனார் வரவில்லை. என் அக்கா மட்டும் வந்தார். ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் வீடு எடுத்து, மருமகளாக அவள் உள்ளே நுழைந்தபோது இடது காலை எடுத்து வைத்தாள். அக்கா பதறிப்போனார்.

"நான் பாத்த படத்துல எல்லா மருமகளும் இப்படித்தான் அண்ணி வந்தாங்க" என்றாள் அவள். அதற்குள் அவளுக்கு எல்லாம் தெரியும். ஈப்போத் தியேட்டரில் அவளை முதன்முதலில் அழைத்துப் போன அன்றே, நடிகர் வலது கையில் வாளெடுப்பதைப் பார்த்து, "இந்தாளு எப்ப மாறினான்?" என்று என் காதில் கேட்டாள். தெரிந்தே இடது காலை வைத்தாள். அந்த வீட்டில் எங்களுக்குக் குறை ஒன்றும் வரவில்லை. அக்கா அந்தக் காலை மறக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த அன்று மாலை, வந்தவர்களுக்கு அவளுடைய படங்களைத் தொகுத்துக் காட்ட அக்காவின் மகன் ஏற்பாடு செய்திருந்தான். உள்ளங்கையில் அடங்கும் புரொஜெக்டர் கொண்டுவந்திருந்தான். நான் முன்னதாகக் கைப்பேசியில் பார்த்தேன். அவள் எங்கள் சாமி அறையில் தீபாவளி விளக்கு ஏற்றுகிற காட்சி வந்தது. வலது கையால் ஏற்றினாள். பின்னாலிருந்த காலண்டரில் எண்கள் முதுகைக் காட்டி நின்றன.

"தம்பி, இது என்ன?"

அவன் தயங்கினான். "அம்மாதான் சொன்னாங்க மாமா. ஒரு தட்டு தட்டினா திரும்பிடும், பெரிய வேலை இல்ல லா."

அக்கா பக்கத்தில்தான் இருந்தார். "சபையில இடக்கையால விளக்குக் கொளுத்துறதைக் காட்டினா ஆக்கள் என்ன நினைப்பினம்? செத்தவளுக்கு ஒரு மரியாதை வேண்டாமே? நல்லதுக்குத்தான் செய்தனாங்கள்."

"மாமா, வேணும்னா மறுபடி திருப்பிடுறேன்."

"வேண்டாம்" என்றேன். "அப்படியே இருக்கட்டும். சுவரில் காட்டாதே. துணியில் காட்டு."

என் வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வீட்டு முகப்பின் இரண்டு தூண்களுக்கு நடுவே கட்டச் சொன்னேன். முகப்பில் வீட்டை ஒட்டிய நாற்காலிகளில் என் உறவினர்கள் இருந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் புரொஜெக்டர். ரோட்டோரம் போட்டிருந்த கூடாரத்தில் அவளுடைய ஆட்கள் இருந்தார்கள். அங்கே உட்காரும்படி யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

பொழுது சாய்ந்தது. தோட்டத்தில் அன்று தாயின் மடியில் தூங்கிய அந்தக் கைக்குழந்தை, அவளுடைய தம்பி, கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பூச்செடிகளுக்கு நீரூற்றும் வாளியோடு என்னிடம் வந்து நின்றார். நான்தான் கேட்டிருந்தேன்.

"மச்சான், நனைச்சா முன்னுக்கு மங்கிடும்."

"மங்கட்டும்."

வாளியை அவரிடமிருந்து வாங்கி நானே வீசினேன். சட்டை நனைந்தது. பிறகு என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு துணியைச் சுற்றி மறுபக்கம் போனேன். முழங்கால் இப்போது தரைக்கு இணங்குவதில்லை. இல்லாவிட்டால் சாக்கு கேட்டிருப்பேன். கூடாரத்தில் ஒருவர் நகர்ந்து இடம் விட்டார்.

ஈரத் துணியில் வெளிச்சம் பெருகி வந்தது. காலண்டரின் எண்கள் நேராகத் திரும்பி நின்றன. அவள் சாமி அறைக்குள் வந்தாள், முந்தானையைச் செருகினாள், தீக்குச்சியை உரசினாள். இடது கையால் விளக்கை ஏற்றினாள். கூடாரத்தில் அவளுடைய ஆட்களில் யாரோ, "நம்ம அக்காதான்" என்றார்கள்.

துணிக்கு அப்பாலிருந்து என் அக்காவின் குரல் வந்தது.

"தம்பி, இஞ்ச ஒண்டும் வடிவாத் தெரியேல்லை."

"இந்தப் பக்கம் வாங்கக்கா" என்றேன். "இடம் இருக்கு."